வீட்டு நாய் இறந்தால்: முதல் நாளும் பின்வரும் நாட்களும்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் ஒரு மனிதர் இறந்தால் வீட்டார் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. பந்தல் போட ஆள் வரும், அயலிலிருந்து தேத்தண்ணி வரும், ஐயர் வருவார். எட்டுச் செலவு, கீரிமலையில் அந்தியேட்டி என்று நாட்கள் தாமாகவே வரிசையாகிவிடும். நாய் இறந்தால் இவற்றில் ஒன்றுமில்லை. துடக்கு இல்லை, துக்கம் விசாரிக்கவும் ஆள் வராது. உடலை எங்கே கொண்டுபோவது, பிள்ளைக்கு என்ன சொல்வது என்று எல்லாவற்றையும் அழுத கண்ணோடு வீட்டாரே தீர்மானிக்க வேண்டும். பிழைகள் நடப்பது அதனால்தான். கிணற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டப்படுகிறது, பிள்ளைக்குப் பொய் சொல்லப்படுகிறது, மூன்றாம் நாளே புதுக்குட்டி வந்து இறங்குகிறது.

இந்தத் துக்கத்துக்கு ஆய்வாளர்களும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் "ஊர் ஏற்றுக்கொள்ளாத துக்கம்". இப்படியான துக்கம் மற்றத் துக்கங்களைவிட மெதுவாகத்தான் ஆறும் என்று அமெரிக்கரான கென்னத் டோக்கா 1989இல் ஒரு நூலே தொகுத்தார். கோட்பாடு இவ்வளவு போதும். இனிச் செய்ய வேண்டியவை.

மூச்சு நிற்கும் முன்: ஊசி போடுவதா?

நோய் மாறாது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டால் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஊசி போடுவது பாவம் என்று ஒருவர் சொல்வார், போடாமல் விடுவதுதான் பாவம் என்று இன்னொருவர் சொல்வார். வலியை நீட்டுவதற்காக மட்டும் உயிரைப் பிடித்து வைத்திருப்பது நாய்க்குச் செய்யும் நன்மையல்ல என்பது என் கருத்து. ஆனால் தீர்மானத்தை வீட்டில் ஒருவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

1. சுவரில் தொங்கும் கலண்டரில் தினமும் ஓர் அடையாளம் இடுங்கள். தானாகச் சாப்பிட்டதா, எழுந்து வெளியே போனதா, படலைச் சத்தத்துக்கு வால் ஆட்டியதா? இரண்டுக்கு ஆம் என்றால் நல்ல நாள். கெட்ட நாட்கள் நல்ல நாட்களை முந்தும்போது வைத்தியரிடம் பேசுங்கள்.
2. வீட்டுக்கு வர முடியுமா, எவ்வளவு ஆகும், முதலில் மயக்க மருந்து கொடுப்பாரா என்று முன்பே கேளுங்கள்.
3. குழியையும் முன்பே வெட்டி வையுங்கள். இதைச் சொல்லக் கொடுமையாக இருக்கிறது, ஆனால் பிறகு வெட்டுவது அதைவிடக் கொடுமை. அதுவரை பலகையால் மூடி வையுங்கள்.
4. யார் பக்கத்தில் இருப்பது என்று பேசி முடிவெடுங்கள். பார்க்க முடியாது என்பவரை வற்புறுத்த வேண்டாம்.
5. ஊசிக்குப் பிறகு கண் மூடாது. ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல இருக்கும், தசை துடிக்கும், சிறுநீர் போகும். இவை வலியால் வருவதல்ல. இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எச்சரிக்கை: பூச்சி மருந்தாலோ மனிதர் பாவிக்கும் குளிசைகளாலோ வீட்டிலேயே "முடித்துவிட" எண்ணாதீர்கள். அது நீண்ட வேதனை. வைத்தியர் போட்ட மருந்தும் உடலில் தங்கியிருக்கும். தெருநாயோ வேறு பிராணியோ கிண்டித் தின்றால் அதுவும் சாகலாம். குழி ஆழமாக இருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதைக்கும் முன் ஒரு கேள்வி: எப்படி இறந்தது?

முதுமையால் இறந்ததென்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். திடீர்ச் சாவு என்றால் இதை வாசித்துவிட்டுத்தான் உடலில் கை வைக்க வேண்டும்.

விசர் நோய்ச் சந்தேகம். கடைசி நாட்களில் நாயின் குணம் மாறியதா? காரணமில்லாமல் கடித்ததா, தாடை தொங்கி எச்சில் வடிந்ததா, பின்னங்கால் இழுபட்டதா? ஒருவரைக் கடித்து 14 நாட்களுக்குள் இறந்ததா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றாலும் உடனே புதைக்காதீர்கள். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அரச கால்நடை வைத்தியருக்கோ அறிவியுங்கள். பரிசோதனைக்கு நாயின் தலை ஐஸ் போட்ட பெட்டியில் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். அதை வெட்டி எடுப்பது பயிற்சி உள்ளவர் வேலை, நீங்கள் முயலக் கூடாது. கடிபட்டவர், நகம் கீறியவர், புண்ணிலோ கண்ணிலோ எச்சில் பட்டவர் எல்லோரும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு (கண்ணைத் தண்ணீரால் மட்டும்) அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கொழும்பு முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விசர் நோயின் அறிகுறி மனிதரில் தொடங்கிவிட்டால் அநேகமாக மீட்சியில்லை, முன்பே போடும் ஊசிதான் காப்பாற்றும்.

பாம்புக்கடிச் சந்தேகம். நாய் விழுந்த இடத்தில் உடனே குனியாதீர்கள். கடித்த பாம்பு அந்த விறகுக் குவியலிலோ கிடுகுக் கட்டிலோ இன்னும் இருக்கலாம். வெளிச்சம் பிடித்து, நீண்ட தடியால் தட்டிப் பார்த்த பிறகே கிட்டப் போங்கள்.

நஞ்சுச் சந்தேகம். வெங்காயம், புகையிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் பூச்சி மருந்து நாயின் வாயில் படுவது அபூர்வமல்ல. வாந்தியையும் நுரையையும் கையால் தொடாமல் மண் போட்டு வாரி எடுத்து, உடலோடு குழியில் போடுங்கள். கோழிகளை அதுவரை கூட்டில் அடையுங்கள்.

எலிக்காய்ச்சல் என்று வைத்தியர் சந்தேகப்பட்டால் சிறுநீர் பட்ட இடத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் மனித உயிர்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும்.

முதல் ஒரு மணி நேரம்

1. இறந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் கை வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கண்மணி ஓரத்தை மெல்லத் தொட்டால் இமை அசைகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டாலும் அரை மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள்.
2. கையுறை அணியுங்கள். இல்லாவிட்டால் சொப்பிங் பையை இரண்டு மடிப்பாகக் கையில் கட்டிக்கொள்ளலாம்.
3. கால்களை உடலோடு சேர்த்து, படுத்துறங்கும் வாக்கில் மடித்து வையுங்கள். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும், பிறகு மடியாது, குழியும் பெரிதாக வெட்ட வேண்டிவரும்.
4. பின்பக்கத்துக்குக் கீழே பழைய துணி வையுங்கள். மலமும் சலமும் கசிவது இயல்பு.
5. கழுத்துப் பட்டியைக் கழற்றி வையுங்கள். பிறகு அதுதான் தேடப்படும்.
6. பழைய பருத்திச் சேலையிலோ சாரத்திலோ சுற்றுங்கள். பொலித்தீன் வேண்டாம், அதற்குள் உடல் மண்ணோடு சேராது.
7. நிழலில், சீமேந்து நிலத்தில் கிடத்துங்கள். உடல் குளிரத் தொடங்கியதும் தெள்ளும் உண்ணியும் இறங்கி வெளியேறும். கட்டில், மெத்தைக்கு மேல் வைக்க வேண்டாம்.

எங்கள் வெயிலில் அன்றைக்கே புதைப்பதுதான் நல்லது. மகன் கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறி வருகிறான் என்றால் வயிற்றைச் சுற்றி ஐஸ் கட்டிப் பைகளை வைத்து விடியும்வரை தாங்கலாம். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது.

வீதியில் அடிபட்டு இறந்தால், குறிப்பாக மானிப்பாய்–காரைநகர் வீதி போன்ற வாகனம் ஓடும் இடத்தில், முதலில் ஒருவர் நின்று வாகனங்களை மறிக்க வேண்டும். மற்றவர் சாக்கை விரித்து அதன் மேல் உடலை இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவரட்டும். நாயை எடுக்க ஓடி ஆள் அடிபடுவது நடக்கக்கூடியது. நாய்க்கு இன்னும் உயிர் இருந்தால் அதன் வாயைத் துணியால் கட்டாமல் தூக்காதீர்கள். வலியில் அது உங்களையும் கடிக்கும்.

இடம் தெரிவு: கிணறுதான் எசமான்

இந்த அத்தியாயத்தில் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி இது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் குடிநீர் நிலத்துக்குக் கீழேதான் இருக்கிறது. மண் மெல்லிய போர்வை, அதற்குக் கீழே வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். அந்த வெடிப்புகளுக்குள் போகும் அழுக்கு வடிகட்டப்படாமலே அடுத்த கிணற்றை எட்டிவிடும். 2014, 2015இல் சுன்னாகம் மின்நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை எல்லோரும் கண்டோம். அங்கிருந்து சண்டிலிப்பாய் தூரமில்லை. ஒரு வளவில் மண்ணுக்குள் போவது அந்த வளவோடு நிற்பதில்லை.

மலசலக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நாய்க்கும் அதைக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் 100 அடி. அயல் வளவுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 2 பரப்புக் காணி என்பது 20 பேர்ச், ஏறக்குறைய 5,400 சதுர அடி. சதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் 74 அடிதான். உங்கள் கிணறு ஒரு மூலையிலும் அடுத்த வீட்டுக் கிணறு வேலிக்கு அப்பாலும் இருந்தால் பொருத்தமான இடமே கிடைக்காமல் போகலாம். அப்படியானால் வளவில் புதைப்பதை மறந்துவிட்டுச் சொந்தக்காரரின் பனங்காணியையோ கிணறில்லாத வெறுங்காணியையோ கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் பிரதேச சபையில் விசாரியுங்கள். "எங்கட வளவிலதான் இருக்கவேணும்" என்ற ஆசை நியாயமானது. ஆனால் குடிக்கும் தண்ணீர் அதைவிட நியாயமானது.

மேலும் பார்க்க வேண்டியவை:

• மேட்டு நிலமா? ஐப்பசி முதல் மார்கழி வரை நிலத்தடி நீர் மேலேறும். குடாநாட்டின் ஒரே ஆறான வழுக்கியாறு தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலிக் கடலுக்குப் போகிறது. அதன் இருமருங்கிலும் உள்ள பள்ளங்களில் மாரியில் தண்ணீர் நிற்கும். வெட்டும் குழியில் ஈரம் ஊறினாலே அந்த இடத்தைக் கைவிடுங்கள்.
• தண்ணீர்க் குழாய், மின்கம்பி, மலசலக் குழி எங்கே போகின்றன என்று வீட்டின் மூத்தவரைக் கேளுங்கள்.
• அலவாங்கு உலோகத்தில் பட்டால் நிறுத்துங்கள். போர் நடந்த மண் இது, காணி துப்புரவாக்கும்போது பழைய வெடிபொருள் வெளிப்பட்ட செய்திகள் இன்னும் வருகின்றன. இழுத்துப் பார்க்காமல், பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை சில. பாழ் கிணற்றில் போடுவது இவை எல்லாவற்றிலும் மோசமானது. தூர்ந்த கிணற்றின் தண்ணீரும் நீங்கள் குடிக்கும் தண்ணீரும் ஒன்றுதான். குளத்தில், வழுக்கியாற்று வாய்க்காலில், வீதியோரப் பற்றையில் எறியவும் கூடாது. ரயர் போட்டு எரிப்பது உடலை அரைகுறையாகக் கருக்கி, புகையால் ஊரை இருமவைக்கும்.

புதைக்கும் முறை

வேண்டியவை: மண்வெட்டி, அலவாங்கு, பிக்கான், கடகம், கைகழுவச் சவர்க்காரம், இரண்டு பெரியவர்கள்.

1. பகலில் வெட்டுங்கள். இரவில் பாம்பும் கட்டில்லாத கிணறும் ஆபத்து. இருட்டிவிட்டால் உடலை ஐஸோடு வைத்து விடியலில் தொடங்குங்கள்.
2. மேல் மண்ணை ஒரு பக்கமும் கீழ் மண்ணை மறு பக்கமும் குவியுங்கள்.
3. ஆழம் 4 அடி. உடலுக்கு மேல் குறைந்தது இரண்டரை அடி மண் இருக்க வேண்டும். இரண்டு அடியிலேயே கல் தட்டினால் இடத்தை மாற்றுங்கள். "இவ்வளவு போதும்" என்று விட்ட குழியை அடுத்த இரவே தெருநாய்கள் கிண்டும். அதைக் காலையில் பார்க்கும் கொடுமை வேண்டாம்.
4. சுண்ணாம்புக்கல் உடைக்கும்போது சில்லு தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், பிள்ளைகள் பத்தடி தள்ளி நிற்கட்டும்.
5. துணியின் நான்கு முனையையும் பிடித்து மெல்ல இறக்குங்கள். எறியாதீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு அசைவு வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும்.
6. விரும்பினால் ஒரு பிடி மண்ணோ பூவோ ஒவ்வொருவரும் போடலாம். பந்து, சங்கிலி, பிளாஸ்ரிக் கோப்பை குழிக்குள் வேண்டாம்.
7. கீழ் மண்ணை முதலில், மேல் மண்ணைப் பிறகு போட்டு மிதித்து இறுக்குங்கள். ஓரடி உயரத்துக்குக் குவித்து விடுங்கள், மழைக்கு அது இறங்கும். மேலே முள்ளுக் கிளையோ கனமான கற்களோ வையுங்கள்.
8. கை, கால், கருவி எல்லாம் கழுவி, உடுத்த உடையை வெந்நீரில் போடுங்கள்.

உப்புப் போடுவது பழைய பழக்கம், ஒரு பிடி போட்டால் குற்றமில்லை. நீற்றாத சுண்ணாம்பைக் கொட்டுவது மட்டும் வேண்டாம், ஈரம் பட்டால் கையையும் கண்ணையும் எரித்துவிடும்.

தென்னம்பிள்ளை நடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நடலாம், ஆனால் உடனே அல்ல. ஒரு மாரி போய் மண் இறங்கிய பிறகு, குழியிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி நடுங்கள். செவ்வரத்தை, தேசி போன்றவையும் நல்லவை. கீரையும் மரக்கறியும் அந்த இடத்தில் வேண்டாம்.

பிள்ளைகளுக்குச் சொல்வது

"ரொமி எங்கயோ ஓடிப்போட்டுது" என்று சொல்லிச் சமாளிக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் படலையில் நின்று கூப்பிடும், உண்மையைப் பிறகு அடுத்த வீட்டுப் பிள்ளையிடமிருந்து அறியும். அன்றைக்கே சொல்லுங்கள்.

1. பாடசாலை விட்டு வந்து, தண்ணீர் குடித்து, உடை மாற்றிய பிறகு அமர்த்திச் சொல்லுங்கள். படலையில் வைத்துச் சொல்லாதீர்கள்.
2. நேராகச் சொல்லுங்கள்: "ரொமி செத்துப்போச்சு, அப்பன். அதின்ர உடம்பு வேலை செய்யிறதை நிப்பாட்டிப் போட்டுது. அதுக்கு இனி நோகாது, பசிக்காது. திரும்பி வராது." நித்திரை என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கு இரவில் படுக்கவே பயம் வரும்.
3. கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒரே கேள்வியைப் பலமுறை கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே பதில் போதும்.
4. உடலைப் பார்க்க விரும்பினால், முகம் சிதையாதிருந்தால், பார்க்க விடுங்கள். விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். விசர் நோய்ச் சந்தேகம் இருந்தால் பார்க்கவும் கிட்ட விடாதீர்கள்.
5. "நான் சங்கிலியைக் கட்டாததால செத்ததோ?" போன்ற பயம் உள்ளே இருக்கும். தானாகச் சொல்லாது. நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

குறிப்பு: பிள்ளை காலையில் அழுதுவிட்டு மாலையில் கிரிக்கெட் விளையாடப் போனால் ஆச்சரியப்பட வேண்டாம். பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர் அழாமல் அறைக்குள் அடைந்திருந்தால்தான் கொஞ்சம் கவனியுங்கள். அந்த வயதில் நாயிடம் மட்டும் சொன்ன கதைகள் இருக்கும்.

கடல் கடந்து இருப்பவர்களுக்கு

சண்டிலிப்பாயில் பல வீடுகளின் பிள்ளைகள் வெளியேதான். நாய் இங்கே, அதை வளர்த்த மகள் ரொறன்ரோவில். "வேலையில நிண்டு அழுவாள், பிறகு சொல்லுவம்" என்று மறைத்தால், அடுத்த வட்ஸ்அப் வீடியோவில் "ரொமியைக் காட்டுங்கோ" என்று அவள் கேட்கும்போது வீட்டார் முழிக்க வேண்டிவரும். அன்றைக்கே சொல்லிவிடுங்கள், நேரம் மட்டும் பாருங்கள். ரொறன்ரோ நம்மைவிடக் கோடையில் 9½ மணி நேரமும் குளிர்காலத்தில் 10½ மணி நேரமும் பின்னால். லண்டன் 4½ அல்லது 5½. இங்கே காலை பத்து மணி ரொறன்ரோவில் நள்ளிரவு. குரலில் சொல்லுங்கள், படம் மட்டும் அனுப்பி விடாதீர்கள். புதைப்பதை வீடியோவில் பார்க்க விருப்பமா என்று கேட்ட பிறகே போனைத் திருப்புங்கள். குடும்பக் குழுவில் போடுவது அதற்குப் பிறகு.

தனியாக இருக்கும் பெரியவர்கள்

பிள்ளைகள் வெளியே போன வீட்டில் நாய் காவல் மட்டுமல்ல, நேரசூசியும் அதுதான். விடிய எழுப்புவது, மத்தியானம் மீன் தலையோடு சோறு குழைக்கவைப்பது, பொழுதுபடப் படலை பூட்ட நினைவூட்டுவது எல்லாம் அது. அது போனதும் நாள் குலைந்துவிடும்.

அயலிலோ சொந்தத்திலோ இருப்பவர் செய்யக்கூடியவை: முதல் கிழமை நாய்க்குச் சோறு வைக்கும் நேரத்தில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பிரஷர், சீனிக் குளிசை ஒழுங்காகப் போகிறதா என்று பெட்டியைப் பாருங்கள். படலைக்கு மணியோ இரவு விளக்கோ போட்டுக் கொடுங்கள், நாயில்லாத வீட்டில் பயம் உண்மையானது. நாயின் கோப்பையை அவரைக் கேட்காமல் எடுத்து ஒளிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். இந்த நாய்க்காக அழத் தொடங்கிய அம்மம்மா வேறொரு நாயின் பெயரைச் சொல்லி அழக்கூடும். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாய்கள் பல வளவுகளோடு விடப்பட்டன. கட்டை அவிழ்த்துவிட்டோமா, சோறு வைத்தோமா என்பதே சிலருக்கு நினைவில்லை. 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் நாயைக் கண்டவரும் உண்டு, காணாதவரும் உண்டு. அந்த நாளில் மனிதரை இழந்தவர்களுக்கு நடுவில் நாய்க்கு யார் அழுவது? அழுகை உள்ளே போய்விட்டது. முப்பது வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தால், "அது அந்தக் காலம், விடுங்கோ" என்று மூடாதீர்கள். என்ன நிறம், யார் பெயர் வைத்தது, கடைசியாக எங்கே நின்றது என்று கேளுங்கள். சாவைக் கண்ணால் காணாத துக்கத்துக்குச் சொல்லிமுடிப்பது ஒன்றுதான் வழி.

எச்சரிக்கை அறிகுறிகள்: இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாடும் நித்திரையும் இல்லாமை, மருந்தை நிறுத்துவது, "நானும் போயிருக்கலாம்" என்ற பேச்சு. அது வெறும் பேச்சு என்று விடாதீர்கள். 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. போவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அண்டைக்கே கொண்டுபோயிருந்தால்..."

இந்த வசனம் எல்லா வீட்டிலும் வரும். ஆறுதல் சொல்லி இதை அடக்க முடியாது, தாளில் எழுதித்தான் அடக்கலாம். ஒரு கொப்பித் தாளை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அன்று உங்களுக்குத் தெரிந்தவை: சாப்பாடு குறைந்தது, முந்தியும் இப்படிக் குறைந்து மாறியது. வலப்பக்கம் பிறகு தெரிந்தவை: சிறுநீரகம் பழுது என்று வைத்தியர் சொன்னது. வலப்பக்கத்தில் இருப்பதைக் கொண்டு இடப்பக்கத்து ஆளைத் தண்டிக்கிறீர்களா என்று பாருங்கள். உண்மையிலேயே ஒரு தவறு இடப்பக்கத்தில் இருந்தால், உதாரணமாகத் தடுப்பூசி போடாதது, அதை ஒத்துக்கொண்டு அடுத்த நாயின் அட்டையில் எழுதி வையுங்கள்.

வீட்டுக்குள் குற்றம் சுமத்துவது இதைவிடக் கெட்டது. படலையைத் திறந்து விட்டவர் யார் என்ற விசாரணையை முதல் நாளில் தொடங்காதீர்கள். திறந்தவருக்கு அது தெரியும்.

நினைவுக்கு ஏதாவது

"நாய்க்கும் கல்லா?" என்று யாரும் சிரித்தால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரைச் சொல்லுங்கள். ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், இறந்த வீரனோடு அவனது நாய் கோவிவனையும் செதுக்கி, அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் பெயரோடு எழுதி நடுகல் நட்டார்கள். நமது ஊரிலோ ஒழுங்கைக்கு ஒரு வைரவர் இருக்கிறார், அவருக்கு வாகனம் நாய்தான். விரும்பியவர் அங்கே ஒரு விளக்கு ஏற்றட்டும். விரும்பாதவரை இழுக்க வேண்டாம். மனிதருக்குரிய கிரியைகளை நாய்க்கு அப்படியே செய்யப் புறப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அது வீட்டில் வாக்குவாதத்தில்தான் முடியும். போனில் உள்ள படங்களில் நல்லதாக ஒன்றை ஸ்ரூடியோவில் அச்சிட்டு எடுங்கள். போன் உடையும், படம் போய்விடும்.

அடுத்த நாய் எப்போது?

அயலவர் நல்லெண்ணத்தில் முதல் கிழமையே ஒரு குட்டியைக் கடகத்தில் கொண்டுவருவார். நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். காரணம் இரண்டு.

ஒன்று, வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் வரவேண்டும். குட்டியைப் பழைய நாயோடு ஒப்பிட்டு ஏசும் நிலை மாறாதிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை.

மற்றது நோய். பழைய நாய் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக இறந்திருந்தால் அது பார்வோவாக இருக்கலாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட இருக்கும். சீமேந்து நிலத்தையும் கோப்பைகளையும் முதலில் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கிணற்றடியில் வைத்துக் கழுவாதீர்கள். பாய், சாக்கு, துணியை எரித்துவிடுங்கள். மண் வளவை இப்படிச் சுத்தமாக்க முடியாது. ஆகவே தடுப்பூசி வரிசை முடிந்த நாயை மட்டும் கொண்டுவாருங்கள்.

வீட்டில் இரண்டாவது நாய் இருந்தால் அது தேடும், படலையில் படுத்திருக்கும், சாப்பாட்டை விடும். வழமையான நேரத்துக்குச் சோறு, வழமையான நடை போதும். இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் துக்கம் என்று விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். முதல் நாயின் நோய் அதற்கும் தொற்றியிருக்கலாம்.

இனி நாயே வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதுவும் சரியான முடிவுதான், யாரும் மாற்ற முயல வேண்டியதில்லை. குட்டி கொண்டுவருவதென்றால் எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். பழைய பெயரை வைக்காதீர்கள். தடுப்பூசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, பதினாறு கிழமை வரை மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை போகும். விசர் நோய்த் தடுப்பூசி ஒவ்வொரு வருடமும் போட வேண்டும், அரச முகாம்களில் அது இலவசம். குட்டி வந்த அன்றைக்கே அடுத்த ஊசித் திகதியைக் கலண்டரில் குறித்து விடுங்கள்.